ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும்

(பள்ளித் தமிழ்மன்ற ஆண்டு விழாவில், மேனிலை வகுப்பு மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தமிழாசிரியன் ஒருவன் தமிழ்மன்ற மேடையில் வேதியியல் பேச வந்திருக்கின்றானே என்று உங்களுள் சிலர் வியக்கக் கூடும். சங்க இலக்கியச் சுவையோ, குறள்நெறியோ, மொழிப்பற்றோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள்க. இன்று நான் பேசப்போவதும் மொழியைப் பற்றித்தான். ஆனால், மொழி என்பது பாட்டுக்கும் பாராட்டுக்கும் மட்டுமே உரியதன்று. எண்ணுதற்கும் ஏன் என்று கேட்டற்கும் உரிய கருவி அது. அக்கருவியை நம் பிள்ளைகளின் கையிலிருந்து நாமே பறித்துக்கொண்டிருக்கின்றோம் என்பதை, அறிவியற் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டே காட்ட விரும்புகின்றேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் வேதியியல் ஆய்வறையின் வழியே சென்றுகொண்டிருந்தேன். உள்ளே ஆசிரியர் ஒரு மாணவனை எழுப்பி, "ஆல்கேன், ஆல்கீன் என்னும் இரண்டனுள் எது மிகுதியாக வினைபுரியும்?" என்று வினவினார். மாணவன் ஆங்கிலத்தில் இரண்டு தொடர்களைத் தடையின்றி ஒப்பித்தான். விடை சரியே. "நன்று, ஏன்?" என்றார் ஆசிரியர். அவன் மீண்டும் அதே இரண்டு தொடர்களை ஒப்பித்தான். "சரியப்பா, தமிழிலேயே சொல்" என்றார். அவன் வாய் திறக்கவில்லை. ஒப்பித்த தொடர்களுக்குள் பொருள் ஒன்று இருக்கின்றது என்பதையே அவன் அறியவில்லை. அவன் அறிவு குறைந்தவன் அல்லன். என் வகுப்பில் புணர்ச்சி இலக்கணத்தைப் பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கும் அளவிற்குக் கூர்த்த அறிவினன்.

அன்று முதல் ஓய்வு வேளைகளில் அவ்வேதியியல் ஆசிரியரை அணுகி, அவர் பொறுமையை மிகவும் சோதித்து, அப்பாடத்தை நான் மீண்டும் படித்தேன். கற்றதனை உங்கள்முன் வைக்கின்றேன். ஒன்று முன்னரே சொல்லிவிடுகின்றேன். கரிமம், நீரகம், உயிரகம் என்று நாட்டில் நிலைபெற்றுவிட்ட பெயர்களைத் தமிழிலேயே ஆள்வேன். குளோரின், புரோமின் என்பவற்றிற்கு ஆக்கப்பட்ட தமிழ்ப்பெயர்கள் இன்னும் எல்லார் நாவிலும் ஏறவில்லை. ஆகவே அவற்றை அயற்பெயராலேயே சுட்டுவேன். கேட்பார்க்கு விளங்காத தூய்மை, தூய்மையாகாது.

பெயரும் பொருளும்

ஆல்கேன், ஆல்கீன் ஆகிய இரண்டும் கரிமமும் நீரகமும் மட்டுமே கூடி ஆகிய பொருள்கள். இவ்விரு குடும்பங்களுக்கும் ஐரோப்பியர் முதலில் இட்ட பெயர்கள் வேறு. 1830-ஆம் ஆண்டில் கார்ல் வான் இரைகென்பாக்கு என்னும் செருமானியர் மரத்தாரிலிருந்து மெழுகு போன்ற பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். எக்காடியோடும் எக்காரத்தோடும் அது எளிதில் உறவு கொள்ளவில்லை. ஆகவே, 'உறவு குறைந்தது' என்னும் பொருள்படும் இரண்டு இலத்தீனச் சொற்களை இணைத்துப் 'பாரபின்' என்று அதற்குப் பெயரிட்டார். நம் மொழியில் சொல்வதானால் 'பற்றிலி'. பின்னர் அப்பெயர் ஆல்கேன் குடும்பம் முழுமைக்கும் ஆயிற்று.

அதற்கு முன்பே, 1795-ஆம் ஆண்டளவில், ஆலந்து நாட்டு வேதியியலார் நால்வர் எத்திலீன் என்னும் வளியைக் குளோரினோடு கலந்தனர். இரண்டு வளிகளும் கலந்த அளவில் எண்ணெய் போன்ற நீர்மம் ஒன்று தோன்றிற்று. ஆகவே அவ்வளி 'எண்ணெயாக்கும் வளி' எனப் பெயர் பெற்றது. அதிலிருந்தே 'ஓலிபின்' என்னும் குடும்பப் பெயர் பிறந்தது.

காண்மின்! ஒரு பெயர் 'இது எளிதில் எதனோடும் சேராது' என்கின்றது. மற்றொரு பெயர் 'இது சேர்ந்து வேறொன்றாகும்' என்கின்றது. அம்மாணவன் சொல்லத் திகைத்த விடையில் பாதி, அப்பெயர்களிலேயே இருக்கின்றது! ஆனால், பொருளைக் கழித்துவிட்டு ஒலியை மட்டும் கடன் வாங்கிய நமக்கு அது கேட்கவில்லை.

1866-இல் ஆப்மன் என்னும் செருமானிய வேதியியலார், பெயர்களை ஒழுங்குபடுத்த எண்ணி, அவர்தம் உயிரெழுத்துகளின் வரிசைப்படி ஈறுகளை அமைத்தார். அவ்வொழுங்கு உலகிற்குப் பயன்பட்டது. அதனை நான் பழிக்கவில்லை. ஆயின், நம் எழுத்தில் அது வந்து விழும்போது ஈத்தேன், ஈத்தீன் என நிற்கின்றது. ஏகாரத்திற்கும் ஈகாரத்திற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒன்றையே பற்றிக்கொண்டு நம் பிள்ளை ஒரு பெரும்பாடத்தைக் கடக்க வேண்டும். இதில் ஒரு நகைச்சுவையும் உண்டு. 'ஈத்தேன்' என்பது தூய பழந்தமிழ் வினைமுற்று. 'கொடுத்தேன்' என்பது அதன் பொருள். ஆனால், ஈத்தேன் என்னும் அந்த வளியோ எதனையும் எளிதில் கொடுக்கவும் செய்யாது, கொள்ளவும் செய்யாது!

செருமானியர் தம் மொழியில் நீரகத்தை 'நீர்ப்பொருள்' என்றும், கரிமத்தைக் 'கரிப்பொருள்' என்றும், உயிரகத்தைப் 'புளிப்புப்பொருள்' என்றும் பொருள்படும் தம் சொற்களாலேயே இன்றும் வழங்குகின்றனர். அச்சொற்களைக் கொண்டு படித்த மக்களே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியலில் முன்னின்றனர். தாய்மொழிச் சொல் அறிவியலைக் குறுக்கிவிடும் என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

ஆகவே, இவ்வுரையில் ஆல்கேனை 'ஒற்றைப்பிணையி' என்றும், ஆல்கீனை 'இரட்டைப்பிணையி' என்றும் வழங்குகின்றேன். தேர்வுத்தாளில் பாடநூற் பெயரையே எழுதுங்கள். நெஞ்சில் இப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் இழை

கரிம அணுவிற்குக் கைகள் நான்கு. நீரக அணுவிற்கு ஒன்று. ஒரு கரிமம் தன் நான்கு கைகளாலும் நான்கு நீரகங்களைப் பற்றிக்கொண்டால் அது மீத்தேன். 1776-இல் இத்தாலியில் மச்சோரே ஏரியின் சேற்றிலிருந்து குமிழியிட்டெழுந்த வளியை வோல்ட்டா என்பார் திரட்டி ஆராய்ந்தாரே, அதுவே இது. இரண்டு கரிமங்கள் ஒரு கையால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, எஞ்சிய கைகளால் ஆறு நீரகங்களைப் பற்றினால் ஈத்தேன். இதில் எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. மாறாக, அவ்விரு கரிமங்களும் தம்முள் இரண்டு கைகளால் பற்றிக்கொண்டு, நான்கு நீரகங்களை மட்டும் ஏற்றால், அது ஈத்தீன். எத்திலீன் எனப்படுவதும் இதுவே.

இங்குத்தான் அறிவுடைய மாணவனுக்கு ஓர் ஐயம் எழுதல் வேண்டும். இரண்டு கயிற்றால் கட்டியது ஒரு கயிற்றால் கட்டியதை விட வலியதன்றோ? அவ்வாறாயின் இரட்டைப் பிணைப்புடையது எளிதில் வினைபுரிவது எங்ஙனம்?

அளவுகளைக் காண்போம். கரிமத்திற்கும் கரிமத்திற்கும் இடைப்பட்ட ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 347 கிலோசூல் ஆற்றல் வேண்டும். இரட்டைப் பிணைப்பை முழுவதும் முறிக்க ஏறத்தாழ 611 வேண்டும். இரட்டைப் பிணைப்பு வலியதே, ஐயமில்லை. அதன் நீளமும் 154 பிக்கோமீட்டரிலிருந்து 134 ஆகக் குறுகிவிடுகின்றது. ஆனால், 347-இன் இருமடங்கு 694 அன்றோ? 611-இல் முதல் இழைக்கு 347 போக, இரண்டாம் இழைக்கு எஞ்சுவது ஏறத்தாழ 264 மட்டுமே. இரண்டு இழைகளும் ஒத்த வலிமை உடையன அல்ல. முதலிழை வலியது, இரண்டாம் இழை மெலியது.

வலிமையில் மட்டுமன்று, இருக்குமிடத்திலும் வேறுபாடு உண்டு. முதலிழையின் எதிர்மின்னிகள் இரு கரிமங்களுக்கும் நேர் நடுவே, கதவடைத்த அறைக்குள் இருப்பன போல் அமைந்திருக்கின்றன. இரண்டாம் இழையின் எதிர்மின்னிகளோ, அவ்விரு அணுக்களை இணைக்கும் கோட்டிற்கு மேலும் கீழுமாகத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றன. தெருவழியே எதிர்மின்னி வேட்கையுடைய பொருள் ஒன்று வந்தால், முதலில் காண்பது திண்ணையில் இருப்பவரைத்தானே? இரண்டாம் இழை அவிழ்கின்றது; இரு கரிமங்களுக்கும் ஒவ்வொரு கை ஒழிகின்றது; வந்த பொருள் அக்கைகளைப் பற்றிக்கொள்கின்றது. முதலிழை அப்படியே நிற்கின்றது, வீடு இடியவில்லை.

ஒற்றைப்பிணையியில் அத்தகைய திண்ணையே இல்லை. கரிமத்திற்கும் நீரகத்திற்கும் இடையேயுள்ள பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 413 கிலோசூல் வேண்டும். அவ்விரண்டும் எதிர்மின்னிகளை ஏறக்குறைய ஒத்த அளவில் ஈர்ப்பதால், எப்பக்கமும் மின்தன்மை மிகுந்து நிற்கவில்லை. வருவார்க்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடியும் இல்லை; நெருங்குவார்க்கு ஒழிந்த கையும் இல்லை. ஆகவே அது பற்றிலியாயிற்று. மாணவன் சொல்ல வேண்டியிருந்த 'ஏன்' இவ்வளவே.

நால்வகைப் புணர்ச்சி

இதனை அம்மாணவனுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். எழுத்ததிகாரத்தில் புணர்ச்சியை நீங்கள் படித்திருக்கின்றீர்கள். இரண்டு சொற்கள் கூடுமிடத்து மாற்றமின்றி நிற்றல் இயல்பு. மாறுமாயின் அம்மாற்றம் மூவகை: மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் கூடிப் பொற்குடமாகும்போது ஓரெழுத்துப் போய் அவ்விடத்தில் வேறோர் எழுத்து வருகின்றது. அது மெய் பிறிதாதல். யானையும் கோடும் கூடி யானைக்கோடாகும்போது ஓரெழுத்து வந்து மிகுகின்றது, அது மிகுதல். மரமும் வேரும் கூடி மரவேராகும்போது ஓரெழுத்துக் கெடுகின்றது, அது குன்றல். இந்நான்கும் இவ்வேதியியற் பாடத்தில் அப்படியே காணப்படுகின்றன.

முதலாவது இயல்பு. ஒற்றைப்பிணையி ஒன்றைக் காடியில் இடுங்கள், காரத்தில் இடுங்கள், ஊதாநிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலில் இடுங்கள். அறைவெப்பத்தில் ஒன்றும் நிகழாது. மெழுகுத்திரியின் மெழுகு ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பதும், உலோகத் துண்டுகள் சிலவற்றை ஆய்வறையில் மண்ணெண்ணெயில் இட்டுக் காப்பதும் இப்பற்றின்மையால்தான்.

இரண்டாவது மெய் பிறிதாதல். மீத்தேனையும் குளோரினையும் கலந்து இருட்டில் வைத்தால் அமைதி. ஒளி படவேண்டும். ஒளி குளோரின் இணையைப் பிளக்கின்றது. பிளந்த ஒற்றைக் குளோரின், துணையிழந்த வெறியில் மீத்தேனின் நீரகம் ஒன்றைப் பறித்துச் செல்கின்றது. நீரகம் இழந்த கரிமம் மற்றொரு குளோரின் இணையைத் தாக்கி ஒன்றைப் பற்றிக்கொள்கின்றது. எஞ்சிய குளோரின் மீண்டும் வேட்டைக்குச் செல்கின்றது. இவ்வாறு சங்கிலித்தொடராக வினை நடக்கின்றது. நீரகம் போயிற்று, அதன் இடத்தில் குளோரின் வந்தது. ஒன்று போக, இரண்டு போக, மூன்று போக, நான்கும் போக, நான்கு பொருள்கள் படிப்படியாகக் கிட்டுகின்றன. அவற்றுள் மூன்றாவதுதான், ஒருகாலத்தில் அறுவை மருத்துவத்தில் உணர்விழக்கச் செய்யப் பயன்பட்ட குளோரபாரம். பாடநூல் இதனைப் பதிலீட்டு வினை என்னும்.

மூன்றாவது மிகுதல். இரட்டைப்பிணையியிலிருந்து ஒன்றும் போக வேண்டுவதில்லை. வருவது வந்து மிகுகின்றது. ஒளி வேண்டா, காத்திருத்தல் வேண்டா. நிக்கல் ஊக்கியின் துணையோடு நீரகம் சேர்ந்தால் ஈத்தீன் ஈத்தேனாகும். காடி ஊக்கியும் வெப்பமும் அழுத்தமும் சேர்த்து நீராவியைச் செலுத்தினால் எரிசாராயமாகும். புரோமினோடு சேர்ந்தால் இரட்டைப் புரோமினுடைய நீர்மமாகும். பாடநூல் இதனைச் சேர்ப்பு வினை என்னும்.

நான்காவது குன்றல். எரிசாராயத்தைச் செறிந்த கந்தகக் காடியோடு ஏறத்தாழ 170 பாகை வெப்பத்தில் காய்ச்சினால், ஒரு நீர் மூலக்கூறு கெட்டு நீங்குகின்றது; ஈத்தீன் எஞ்சுகின்றது. மிகுதலால் வந்தது குன்றலால் போகின்றது.

மாணவர்களே, ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்து வேறு, அணு வேறு. தொல்காப்பியர் வேதியியல் பாடினார் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது தொல்காப்பியர்க்கும் பெருமையன்று, வேதியியலுக்கும் பெருமையன்று. நான் சொல்வது வேறு. மாற்றம் என்பதைப் போதல், வருதல், இடம்பெயர்தல் என்று வகுத்தெண்ணும் பழக்கத்தை நம் மொழியிலக்கணம் உங்களுக்கு முன்னரே தந்திருக்கின்றது. அப்பழக்கத்தை ஆய்வறை வாயிலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு உங்களைப் பணிப்பதுதான் கொடுமை.

இரண்டையும் பிரித்தறிய எளிய ஆய்வு ஒன்றுண்டு. ஆறு கரிமமுடைய ஒற்றைப்பிணையி ஒரு குழாயில். ஆறு கரிமமுடைய இரட்டைப்பிணையி மற்றொரு குழாயில். பார்வைக்கு இரண்டும் நிறமற்ற நீர்மங்களே. நீரல்லாத கரைப்பானில் கரைத்த புரோமினை இரண்டிலும் சில துளி இடுங்கள். இரட்டைப்பிணையி உள்ள குழாயில் செம்பழுப்பு நிறம் இட்ட அளவில் மறையும், புகை எழாது. மற்றதில் நிறம் அப்படியே நிற்கும். அதனை வெயிலில் வைத்தால் அங்கும் நிறம் மெல்ல மறையத் தொடங்கும். ஆனால், ஈரமான நீல லிட்மசுத் தாளைக் குழாய் வாயிற் காட்டினால் அது சிவக்கும். ஏன்? அங்கு நடந்தது மெய் பிறிதாதல். நீங்கிய நீரகம் புரோமினோடு கூடிக் காடிப் புகையாய் வெளியேறுகின்றது. இங்கு நடந்தது மிகுதல், எதுவும் வெளியேறவில்லை. நிறம் மறைந்ததை மட்டும் கண்டவன் ஏமாறுவான். 'எது போயிற்று, எது வந்தது?' என்று கேட்டவன் ஏமாறான். இவ்வாய்வை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்க. புரோமின் நஞ்சு, 'முடைநாற்றம்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று என்பதை மறவாதீர்.

செருமானிய அறிஞர் பேயர் பெயரால் மற்றோர் ஆய்வு உண்டு. குளிர்ந்த, நீர்த்த, காரமேற்றிய பெர்மாங்கனேட்டுக் கரைசலின் ஊதா நிறத்தை இரட்டைப்பிணையி நீக்கிப் பழுப்பு வீழ்படிவைத் தரும். ஒற்றைப்பிணையி அக்கரைசலைத் திரும்பியும் பாராது.

இன்னொன்று. மூன்று கரிமமுடைய இரட்டைப்பிணையியோடு நீரகக் குளோரைடு சேரும்போது நீரகம் எக்கரிமத்திற்குச் செல்லும், குளோரின் எக்கரிமத்திற்குச் செல்லும்? உருசிய அறிஞர் மார்க்கோவ்னிக்கோவ் 1870-இல் இதற்கொரு நெறி வெளியிட்டார். எக்கரிமத்தில் நீரகம் முன்னரே மிகுதியாக உள்ளதோ, புதிய நீரகமும் அங்கேயே சேரும். பணம் பணத்தோடு சேரும் என்று நம் ஊரில் சொல்வதில்லையா? அதுவே அங்கும். இடையில் தோன்றும் நேர்மின்னேற்றம், பக்கத்தில் கரிமத் துணை மிகுந்த இடத்திலேயே நிலைத்திருக்க வல்லது என்பது இதன் கரணியம்.

பற்றின்மையை வலுவின்மை என்று எண்ணிவிடாதீர்கள். நம் அடுக்களை உருளையில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் ஒற்றைப்பிணையிகளே. தீப்பொறி படும்வரை உயிரகத்தின் நடுவே வாளாவிருக்கும் அவை, பொறி பட்ட அளவில் பெருவெப்பத்தை உமிழ்கின்றன. ஆகவே, வினைபுரியா என்பது தவறு. தொடக்கத்தில் ஒரு தூண்டுதல் வேண்டும் என்பதே சரி.

வாழைத்தாரும் நெகிழிப்பையும்

இப்பாடம் ஆய்வறையோடு முடிவதன்று. வாழைத்தாரைக் குழியிலிட்டு மூடிப் புகைமூட்டம் போடுவதை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர். அப்புகையில் ஈத்தீன் உண்டு. கனிகள் தாமும் ஈத்தீனை உண்டாக்குகின்றன என்பதை 1934-இல் கேன் என்னும் ஆங்கிலேயர் மெய்ப்பித்தார். காயின் உயிரணுவில் அவ்வளியைப் பற்றும் இடம் ஒன்றுண்டு; அங்குள்ள செம்பு அணு, முன்னர்ச் சொன்னேனே, அந்தத் திண்ணை எதிர்மின்னிகளைத்தான் பற்றுகின்றது. இரண்டு நீரகம் மிகுந்த ஈத்தேனைச் செலுத்துங்கள். காய் காயாகவே கிடக்கும். ஓரிழை வேறுபாட்டால் ஒன்று கனிவிக்கின்றது, மற்றொன்று கனிவிக்கவில்லை.

வனப்பதி நெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெய் போன்றவற்றின் நீண்ட கரிமத் தொடரில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள. அவை தொடரை வளைத்து நெருங்கவொட்டாமல் செய்வதால் எண்ணெய் நீர்மமாக இருக்கின்றது. பிரெஞ்சு அறிஞர் சபாத்தியே நிக்கலைக் கொண்டு நீரகத்தை ஏற்றும் வழி கண்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். செருமானியர் நார்மன் 1902-இல் அதனை எண்ணெய்க்குப் பொருத்தி உரிமம் பெற்றார். இரட்டைப் பிணைப்புகள் ஒற்றையாக, எண்ணெய் இறுகிற்று. டால்டாவாக நம் அடுக்களைக்கும் வந்தது. ஆனால், நீரகம் முழுவதும் ஏறாதவிடத்து எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளுட் சில திசைமாறி அமைந்தன. அம்மாறிய கொழுப்பு நெஞ்சாங்குலைக்குத் தீங்கு செய்வது பின்னரே தெளிவாயிற்று. 2022 சனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என இந்திய உணவுக் காப்பு ஆணையம் வரையறுத்தது. பொதியின்மேல் அச்சிட்டுள்ளதைப் படித்துப் பொருள் உணர நம் தாய்மார்க்கும் இவ்வறிவு வேண்டும். அது தாய்மொழியில் அன்றி வேறெம்மொழியில் அவர்களைச் சென்றடையும்?

இறுதியாக அந்த மாணவனிடமே திரும்புகின்றேன். புணர்ச்சியை வைத்து நான் விளக்கிய ஒரு கிழமைக்குப் பின் அவன் என்னைத் தேடி வந்தான். "ஐயா, நெகிழிப்பையைப் பாலி எத்திலீன் என்கின்றார்கள். பெயரில் இரட்டைப்பிணையி இருக்கின்றதே. அது விரைந்து வினைபுரிந்து மட்கிப் போதல் வேண்டுமன்றோ? ஏன் மட்காமல் கிடக்கின்றது?" என்று கேட்டான். நான் மகிழ்ந்து போனேன்! அவ்வினா எந்த நூலின் பயிற்சிப் பகுதியிலும் இருந்து வந்ததன்று. அவன் நெஞ்சிலிருந்து வந்தது.

வேதியியல் ஆசிரியர் விடை சொன்னார். 1933 மார்ச்சு 27-இல் இங்கிலாந்தின் நார்த்துவிச்சு நகரில் கிப்சன், பாசெட்டு என்னும் இருவர், ஈத்தீனையும் வேறொரு பொருளையும் மிகுந்த அழுத்தத்தில் வினைப்படுத்த முயன்றனர். எண்ணியது நிகழவில்லை, வெண்மெழுகு போன்ற பொருள் ஒன்று எஞ்சிற்று. ஈத்தீன் ஈத்தீனோடே சேர்ந்துவிட்டது! ஒவ்வொன்றன் இரண்டாம் இழையும் அவிழ்ந்து, அடுத்ததனைப் பற்றி, ஆயிரக்கணக்கில் தொடர்ந்து ஒரு நெடுஞ்சங்கிலியாயிற்று. 1953-இல் சீக்ளர் என்பார் தக்க ஊக்கியால் தாழ்ந்த அழுத்தத்திலேயே இதனை ஆக்கும் வழி கண்டார். இத்துறைப் பணிக்காக அவரும் இத்தாலியர் நத்தாவும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சங்கிலி ஆகிவிட்ட பின் அதில் இரட்டைப் பிணைப்பு இல்லை. பெயரில் மட்டும் பழைய ஈறு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. உண்மையில் அது மிக நெடிய ஒற்றைப்பிணையி, பற்றிலி. காடியும் காரமும் அணுகாத அதனை நுண்ணுயிர்களாலும் எளிதில் அணுக முடியவில்லை. ஆகவேதான் வாய்க்காலிலும் கண்மாயிலும் அது மட்காமல் கிடக்கின்றது. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டதன் வேதியியற் கரணியமும் இதுவே.

நாம் செய்ய வேண்டியது

பெருமக்களே! ஆங்கிலத்தில் ஒப்பித்த நாளில் அப்பிள்ளை விடை சொன்னான். தமிழில் விளங்கிக்கொண்ட நாளில் வினாத் தொடுத்தான். விடை சொல்பவன் தேர்வில் வெல்வான். வினாத் தொடுப்பவனே அறிவியலை வளர்ப்பான். இவ்விரண்டிற்கும் இடையே இழந்துகொண்டிருப்பது மதிப்பெண்ணன்று. ஒரு தலைமுறையின் எண்ணும் ஆற்றல்.

ஆங்கிலம் கற்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. உலக நூல்களைப் படிக்க அது வேண்டும், நன்றாகவே கற்கட்டும். ஆனால், முதற் புரிதல் தாய்மொழியில் நிகழ்தல் வேண்டும். இது புதிய கனவும் அன்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர்தம் முயற்சியால் 1875-இல் வேதியியல் நூலொன்றும் தமிழில் வெளிவந்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916-ஆம் ஆண்டிலேயே, சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகமும் தோன்றிற்று. அயல்நாட்டார் ஒருவர்க்கு அன்றே இயன்றது, இன்று நமக்கு இயலாதென்றால் குறை மொழியினிடத்தா, நம்மிடத்தா?

அறிவியல் ஆசிரியர்களே! நாளும் ஒரு பாடத்தின் 'ஏன்' என்பதை மட்டுமாவது தமிழில் கேளுங்கள். தமிழில் விடை வாங்குங்கள். தமிழாசிரியர்களே! சொல்லாக்கித் தருவதோடு நில்லாமல், அச்சொல் சுட்டும் பொருளையும் கற்றுத் தெளியுங்கள்; பொருளறியாது ஆக்கிய சொல், உயிரற்ற சொல்லாகவே கிடக்கும். பெற்றோர்களே! பிள்ளை வீட்டிற்கு வந்ததும் 'இன்று என்ன படித்தாய்?' என்று தமிழிற் கேளுங்கள்; அவனால் சொல்ல முடியவில்லையெனின், அவன் இன்னும் படிக்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

மாணவர்களே! தாய்மொழியோடு உங்களுக்குள்ள பிணைப்பு ஒற்றைப் பிணைப்பாக, பழக்கத்தால் மட்டும் அமைந்த பிணைப்பாக நின்றுவிடலாகாது. பழக்கத்தோடு அறிவும் சேர்ந்த இரட்டைப் பிணைப்பாக அமையட்டும். அவ்விரண்டாம் இழையே புதியனவற்றை வரவேற்கும், சேர்த்துக்கொள்ளும், ஆனாலும் முதலிழையை ஒருபோதும் முறிய விடாது.

 வெல்க தமிழ்! வளர்க அறிவு!